ஆக்கவுரிமை ஆவணங்களை முழுமையாகத் தேடிப் படிப்பது எப்படி? திருகோணமலை வாசகர்களுக்கான கேள்வி–பதில்

நிலாவெளிப் பக்கம் கருவாட்டு உலர்த்தி செய்து பார்ப்பவர், கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு ஆய்வு எழுதுபவர், புல்மோட்டை மணலை வைத்து வேலை செய்பவர், சித்த மருந்து ஒன்றைப் போத்தலில் அடைத்துச் சந்தைக்குக் கொண்டுவர நினைப்பவர் என்று யார் வந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை முன்பே யாராவது செய்திருக்கிறார்களா? செய்திருந்தால் அந்த ஆவணத்தை எங்கே முழுமையாகப் படிக்கலாம்? அதற்கான பதில்கள் இவை.

ஓர் ஆவணம் எதைப் பற்றியது என்று காட்ட ஆக்கவுரிமை அலுவலகங்கள் இடும் வகைக் குறியீடுகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். தேடல் பெட்டியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும். ஏ23பி என்றால் ஆங்கில ஏ, பிறகு 23, பிறகு ஆங்கில பி. இடைவெளி விடாமல் அடிப்பதே பாதுகாப்பு.

ஆக்கவுரிமையும் காப்புரிமையும் ஒன்றா, வேறா?

பேட்டன்ட் என்று பேச்சில் சொல்வதற்கு இலங்கையில் ஆக்கவுரிமை என்றும் தமிழ்நாட்டில் காப்புரிமை என்றும் எழுதுகிறார்கள். பொருள் ஒன்றுதான். ஆனால் தமிழ்ப் புத்தகங்களின் முதற்பக்கத்தில் ‘காப்புரிமை ஆசிரியருக்கு’ என்று போடும்போது அது பதிப்புரிமையைக் குறிக்கிறது. எழுத்து, இசை, படம் போன்றவற்றுக்கு உள்ள அந்த உரிமை வேறு. கருவிக்கும் செய்முறைக்கும் உள்ள இந்த உரிமை வேறு. தமிழில் இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும். எனவே தேடலை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஆவணத்தையும் படிக்கப் பணம் கட்டவேண்டுமா?

வேண்டாம். ஆக்கவுரிமை என்பது அரசோடு செய்துகொள்ளும் ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தன் செய்முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கிறார். அதற்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலத்துக்கு அவருக்குத் தனியுரிமை கிடைக்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். எழுதிக் கொடுத்தது பொதுமக்கள் படிப்பதற்காகத்தான். வரைபடங்கள், அளவுகள், வெப்பநிலை, கலவை விகிதம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஆவணத்துக்கு இவ்வளவு டொலர் என்று கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அதை மூடிவிட்டு, ஆவணத்தின் இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு இலவசத் தளத்துக்கு வாருங்கள்.

எந்தத் தளத்தில் தொடங்குவது?

தொடக்கத்துக்குக் கூகிள் பேட்டன்ட்ஸ். 100க்கும் மேற்பட்ட ஆக்கவுரிமை அலுவலகங்களின் ஆவணங்கள் அதில் இருக்கின்றன. கைத்தொலைபேசியிலும் நன்றாக வேலை செய்யும், பக்கம் எழுத்தாகவே திறக்கும். அதனால் டேட்டாவும் அதிகம் போகாது.

ஒழுங்காகத் தேட ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட். 1998இல் தொடங்கியது, இப்போது 15 கோடிக்கு மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. வகைக் குறியீட்டு மரத்தை மேலும் கீழுமாக விரித்துப் பார்க்க இதைவிட வசதியான இலவச இடம் இல்லை. கணினித் திரையில்தான் இதைப் பயன்படுத்தவேண்டும். சிறு திரையில் பாதிப் பொத்தான்கள் மறைந்துவிடும்.

உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் பேட்டன்ட்ஸ்கோப், பன்னாட்டு விண்ணப்பங்களுக்கு, அதாவது பல நாடுகளுக்குமாகப் போடும் ஒரே விண்ணப்பத்துக்கு, மூலத் தளம். நீங்கள் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு ஒத்த சொற்களையும் பிறமொழிச் சொற்களையும் சேர்த்துத் தேடும் வசதி அதில் இருக்கிறது. அமெரிக்க அலுவலகத்தின் பழைய இரு தேடல் தளங்களும் 2022இல் நிறுத்தப்பட்டு, பேட்டன்ட் பப்ளிக் சேர்ச் என்ற ஒன்றே இப்போது உள்ளது. பழைய வழிகாட்டிக் கையேடுகளில் உள்ள இணைப்புகள் திறக்காததற்கு இதுவே காரணம். இந்திய ஆவணங்களுக்கு இன்பாஸ், ஜப்பானுக்கு ஜே-பிளாட்பாட், ஆய்வுக் கட்டுரைகளோடு சேர்த்துப் பார்க்க லென்ஸ்.

எல்லாவற்றிலும் தேடவேண்டியதில்லை. கூகிளில் மோப்பம் பிடித்து எஸ்பாசெநெட்டில் வலை போட்டால் பெரும்பாலான வேலை முடியும்.

சொல்லைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அப்படியென்றால் என் யோசனை புதிதுதானே?

இல்லை. இந்தத் துறையில் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆக்கவுரிமை எழுதுபவர் நாம் கடையில் கேட்கும் சொல்லில் எழுதமாட்டார். ‘மீன்’ என்று எழுதினால் உரிமை மீனோடு நின்றுவிடும். இறாலைக் காயவைத்து இன்னொருவர் தப்பிவிடுவார். அதனால் ‘ஃபிஷ்’ என்பதற்குப் பதிலாக ‘ஃபூட் புரொடக்ட்’ என்றோ ‘பெரிஷபிள் ஆர்டிகிள்’ என்றோ போடுவார். ‘டிரையர்’ அங்கே ‘டிஹைட்ரேட்டிங் அப்பரேட்டஸ்’ ஆகிவிடும். சீன ஆவணத்தின் இயந்திர மொழிபெயர்ப்பில் மீன் ‘அக்வாடிக் புரொடக்ட்’ என்று வரும். நீங்கள் அடித்த சொல் அந்த ஆவணத்தில் ஒருமுறைகூட இல்லாமல் இருக்கலாம்; பொருள் மட்டும் அச்சாக உங்களுடையதாகவே இருக்கும்.

சொல் மாறலாம், வகைக் குறியீடு மாறாது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் அலுவலகப் பரிசோதகர் அது எதைப் பற்றியது என்று பார்த்துக் குறியீடு இடுகிறார். ஜப்பானிய மொழியில் எழுதியிருந்தாலும் ஜெர்மனில் எழுதியிருந்தாலும் குறியீடு ஒன்றே. பன்னாட்டு வகைப்பாட்டில் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள். ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் சேர்ந்து 2013 ஜனவரி 1 முதல் பயன்படுத்தும் கூட்டு வகைப்பாடு அதைவிட நுணுக்கமானது. எஸ்பாசெநெட்டில் அதைத்தான் பயன்படுத்தவேண்டும்.

ஒரு தேடலை அருகிலிருந்து பார்ப்போம். ஒருவர் கருவாட்டுப் பெட்டி செய்கிறார்: சாய்வான கண்ணாடி மூடி, உள்ளே கறுப்புப் பூசிய தகரம், ஈ புகாத வலைத்தட்டுகள், பின்பக்கம் சூடான காற்று ஏறிப்போக ஒரு குழாய். முதலில் கூகிள் பேட்டன்ட்ஸில் ‘சோலார்’, ‘டிரையிங்’, ‘ஃபிஷ்’ என்று மூன்று சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்கிறார். வருவதை எல்லாம் படிக்கத் தேவையில்லை. தன் பெட்டிக்குக் கிட்டவாக உள்ள நான்கைந்தை மட்டும் திறந்து, ஒவ்வொன்றிலும் வகைப்பாடு என்ற பகுதிக்குப் போய் அங்குள்ள குறியீடுகளைக் கொப்பியில் எழுதுகிறார். திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்கிறார். ஏ23பி 4/03 வரும்: இறைச்சி, மீன் ஆகியவற்றை உலர்த்திப் பாதுகாத்தல். எஃப்26பி 3/28 வரும்: கதிர்வீச்சால், அதாவது வெயில் முதலியவற்றால் உலர்த்துதல். வெயிலைச் சேகரிக்கும் பாகத்துக்கு எஃப்24எஸ் வரும்.

அடுத்து எஸ்பாசெநெட்டின் வகைப்பாட்டுத் தேடலில் ஏ23பி 4/03ஐத் திறந்து, அதன் மேலே உள்ள தலைப்பையும் கீழே உள்ள உட்பிரிவுகளையும் வாசிக்கவேண்டும். இந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். தனக்கு வேண்டியது பக்கத்துக் குறியீட்டில் இருக்கிறது என்பது பலருக்கு இங்கேதான் தெரியவரும்.

பிறகு மூன்று தேடல்கள். முதலாவதில் சொல்லே இல்லாமல் ஏ23பி 4/03, எஃப்26பி 3/28 இரண்டும் சேர்ந்திருக்கும் ஆவணங்கள். இரண்டாவதில் ஏ23பி 4/03 குறியீட்டோடு சோலார் அல்லது சன். மூன்றாவதில் எஃப்26பி 3/28 குறியீட்டோடு ஃபிஷ் அல்லது சீஃபூட் அல்லது அக்வாடிக் அல்லது மரைன். மூன்றாவது தேடல் ஏன் என்றால், பழம் உலர்த்தவென்று வகைப்படுத்திய பெட்டியின் உள்ளே ‘மீனுக்கும் பயன்படும்’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி போதும், உங்கள் பெட்டி புதிதல்ல என்று சொல்வதற்கு.

கடைசியாக, மிகக் கிட்டவாக வந்த இரண்டு மூன்று ஆவணங்களில் மேற்கோள்களைப் பார்க்கவேண்டும். அந்த ஆவணம் சுட்டிய பழையவை ஒரு பக்கம், அதைச் சுட்டிய புதியவை மறுபக்கம். வேரையும் கிளையையும் பிடித்தது போல ஆகும். எந்தச் சொல்லாலும் கிடைக்காத ஆவணம் பல தடவை இந்த வழியில்தான் அகப்படும்.

ஆயிரக்கணக்கில் வருகிறது, என்ன செய்வது?

சொற்களைக் கூட்டாதீர்கள், தேடும் இடத்தைச் சுருக்குங்கள். முழு உரையில் தேடுவதை விட்டுத் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடலாம். இரு சொற்களும் ஒன்றுக்கொன்று ஐந்து சொல்லுக்குள் வரவேண்டும் என்று கேட்கும் நெருக்கக் குறியும் உண்டு. கூகிளில் இணைப்புச் சொற்களான ஆண்ட், ஆர் ஆகியவற்றைப் பெரிய ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும். சிற்றெழுத்தில் அடித்துவிட்டுத் தேடல் பிழைக்கிறது என்று தலையைப் பிடிப்பவர்கள் அதிகம்.

குறைவாக வந்தால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். புல்மோட்டை இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டைஆக்சைட் எடுப்பதைத் தேடும்போது சல்ஃபேட் என்ற சொல் பிரித்தானிய ஆவணங்களில் பி-எச் எழுத்துகளோடும் அமெரிக்க ஆவணங்களில் எஃப் எழுத்தோடும் இருக்கும். ஒன்றை மட்டும் அடித்தால் பாதி போய்விடும். அலுமினியத்துக்கும் ஃபைபருக்கும் இதே கதை. இந்தத் தேடலைச் சி01ஜி 23/047, சி22பி 34/12 ஆகிய குறியீடுகளில் தொடங்குங்கள். முதலாவது டைட்டானியம் டைஆக்சைட், இரண்டாவது டைட்டானிய உலோகம் எடுத்தல்.

ஆவண இலக்கம் சரியாக இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை.

இலக்கம் எழுதும் முறை தளத்துக்குத் தளம் மாறும். அதிகம் இடறும் நான்கு இடங்கள் உண்டு.

அமெரிக்க விண்ணப்ப வெளியீடுகளில் ஆண்டுக்குப் பின் ஏழு இலக்கம்: 2005/0123456 என்பது போல. கூகிளில் அந்தப் பூச்சியத்தோடு அடிக்கவேண்டும். எஸ்பாசெநெட்டில் ஆண்டுக்குப் பின் வரும் முதற் பூச்சியத்தை எடுத்துவிட்டு ஆறு இலக்கமாக அடிக்கவேண்டும்.

பன்னாட்டு விண்ணப்பங்கள் டபிள்யூ-ஓ என்று தொடங்கும். 2004 நடுப்பகுதிக்கு முந்தியவை இரண்டு இலக்க ஆண்டும் ஐந்து இலக்க எண்ணுமாக அச்சிடப்பட்டவை: 99/12345. கூகிளில் அது 1999012345 ஆகிவிடும்.

பழைய ஜப்பானிய ஆவணங்களில் ஆண்டு பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். எஸ் என்றால் ஷோவா, அந்த எண்ணோடு 1925ஐக் கூட்டுங்கள். எஸ்59 என்றால் 1984. எச் என்றால் ஹெய்செய், 1988ஐக் கூட்டுங்கள். எச்5 என்றால் 1993.

இந்திய விண்ணப்ப இலக்கத்தில் சி-எச்-இ என்று நடுவில் இருந்தால் சென்னை அலுவலகம். அதற்கும் முந்தியது எம்-ஏ-எஸ், அதாவது மெட்ராஸ். 2016 முதல் 12 இலக்கம்: முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம். அந்த ஐந்தாவது இலக்கம் 4 என்றால் சென்னை. விண்ணப்ப இலக்கமும் வழங்கப்பட்ட ஆக்கவுரிமையின் இலக்கமும் இந்தியாவில் வேறுவேறு. ஒன்றின் பெட்டியில் மற்றதை அடித்தால் வெறும் பக்கம்தான் வரும்.

இலக்கத்தின் வாலில் உள்ள எழுத்தையும் கவனியுங்கள். அமெரிக்காவில் ஏ1 என்றால் விண்ணப்பம் மட்டும் வெளியாகியிருக்கிறது. பி1, பி2 என்றால் உரிமை வழங்கப்பட்டுவிட்டது. ஏ1ஐக் காட்டி ‘அவர் பேட்டன்ட் எடுத்துவிட்டார்’ என்று சொல்வது தவறு.

பிடிஎஃப் இறக்கினேன், அதற்குள் சொல்லைத் தேட முடியவில்லை.

பெரும்பாலான பிடிஎஃப்கள் பக்கத்தைப் படம் பிடித்தவை. அவற்றில் எழுத்து இல்லை. சொல்லைத் தேடக் கூகிளின் எழுத்துப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள், வரைபடத்துக்கும் அச்சிடுவதற்கும் பிடிஎஃப். அமெரிக்க ஆவணங்களில் 1976இலிருந்துதான் சரியான முழு எழுத்துரை உண்டு. அதற்கு முந்தியவை இயந்திரம் படத்தைப் பார்த்து வாசித்தவை, அதனால் எழுத்துப் பிழை நிறைய. ஆங்கில ஐ எழுத்து எல் ஆகும், இரண்டு பத்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 1976க்கு முந்தியதைச் சொல்லால் தேடாமல் குறியீட்டாலும் ஆண்டாலும் தேடுவதே நல்லது. வெயிலில் உலர்த்துவது போன்ற பழைய தொழில்நுட்பத்துக்கு அந்தக் காலத்து ஆவணங்கள் மிகவும் பெறுமதியானவை. அவற்றைத் தவிர்த்துவிட்டுப் போகவேண்டாம்.

சீன மொழியில் வந்தால் என்ன செய்வது?

முதற்பக்கத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் ஒரு வட்டத்திலோ அடைப்பிலோ சிறிய எண் இருக்கும். அது எல்லா நாடுகளுக்கும் பொது. 11 ஆவண இலக்கம், 22 விண்ணப்பித்த நாள், 30 முன்னுரிமை விவரம், 51 வகைக் குறியீடு, 54 தலைப்பு, 56 மேற்கோள்கள், 57 சுருக்கம், 71 விண்ணப்பதாரர், 72 கண்டுபிடித்தவர், 73 உரிமையாளர். இந்தப் பத்து எண்களை ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் சீனம், கொரியன், ரஷ்யன் எதுவாக இருந்தாலும் முதற்பக்கம் வாசிக்கலாம்.

உள்ளே வாசிக்க எஸ்பாசெநெட்டிலும் கூகிளிலும் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. அதற்கு முன் ‘குடும்பம்’ என்ற பகுதியைப் பாருங்கள். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் விண்ணப்பித்திருந்தால், அந்தக் குடும்பத்தில் ஆங்கில ஆவணம் ஒன்று இருக்கும். இயந்திர மொழிபெயர்ப்போடு மல்லுக்கட்டுவதைவிட அதைப் படிப்பது எவ்வளவோ மேல்.

தமிழில் மொழிபெயர்த்துப் படிக்கலாமா?

எஸ்பாசெநெட்டின் மொழிபெயர்ப்பில் தமிழ் இல்லை. உலாவியின் மொழிபெயர்ப்பைக் கொண்டு விளக்கப் பகுதியை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். எதற்கு உரிமை கேட்கிறார் என்று வரையறுக்கும் உரிமைக்கோரிக்கைப் பகுதியை மட்டும் அப்படிப் படிக்காதீர்கள். அங்கே ‘கொம்ப்ரைசிங்’ என்று இருந்தால் ‘இவையும் வேறும் இருக்கலாம்’ என்று பொருள். ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று இருந்தால் ‘இவை மட்டுமே’. தமிழில் இரண்டும் ‘கொண்டுள்ளது’ என்று ஒரே மாதிரி வந்துவிடும். உரிமை எவ்வளவு தூரம் நீளுகிறது என்பதே அந்த ஒரு சொல்லில்தான் தங்கியிருக்கிறது.

நூறு பக்கம் இருக்கிறது. எதை முதலில் வாசிப்பது?

முதலில் வரைபடம். அடுத்து உரிமைக்கோரிக்கை 1. ‘உரிமைக்கோரிக்கை 1இல் கூறியது போன்ற’ என்று தொடங்காத மற்றக் கோரிக்கைகளையும் பாருங்கள்; அவை தனித்து நிற்பவை. அவற்றைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு பாகமும் உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். விளக்கம் பிறகு.

ஆனால் ஒன்று: உங்கள் யோசனை புதிதா என்று பார்க்கும்போது ஆவணம் முழுவதும் கணக்கில் வரும், வரைபடத்தின் மூலையில் உள்ள ஒரு குழாய்கூட. உரிமையை மீறுகிறோமா என்று பார்க்கும்போது கோரிக்கைகள் மட்டுமே கணக்கு. இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதால் வீணாகப் பயப்படுபவர்களும் உண்டு, வீணாகத் துணிபவர்களும் உண்டு.

ஐரோப்பிய, பன்னாட்டு ஆவணங்களில் தேடல் அறிக்கை பின்னால் இருக்கும். அதில் எக்ஸ் என்று குறித்த ஆவணம் தனியாகவே அந்தக் கோரிக்கையைச் சாய்க்கக்கூடியது. வை என்றால் வேறொன்றோடு சேர்த்தால் சாய்க்கும். ஏ என்றால் பின்னணி மட்டும். பயிற்சி பெற்ற பரிசோதகர் செய்த தேடல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ், வை குறித்தவற்றை ஒன்று விடாமல் திறந்து பாருங்கள்.

வெளிநாட்டில் ஒருவர் பேட்டன்ட் எடுத்திருக்கிறார். நான் இங்கே அதைச் செய்யலாமா?

ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் மட்டும் பெற்ற உரிமை திருகோணமலையில் செல்லாது. அதைப் பார்த்து இங்கே செய்து இங்கே விற்கலாம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. இலங்கையிலும் உரிமை பெற்றிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. 20 ஆண்டு கடந்தவையும், புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் இறந்தவையும் எல்லோருக்கும் திறந்தவை. சிறு தொழில் செய்பவருக்கு அவை ஒரு பெரிய களஞ்சியம்.

கூகிள் ஒரு ஆவணத்தின் பக்கத்தில் ‘காலாவதி’ என்றோ ‘நடைமுறையில்’ என்றோ காட்டுவது ஊகம் மட்டுமே. பணம் போடுமுன் அந்தந்த நாட்டுப் பதிவேட்டைப் பார்க்கவேண்டும்.

பன்னாட்டு விண்ணப்பத்தில் இன்னொரு கவனமும் தேவை. அதற்கு அடிப்படையான ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இலங்கை 1982 முதல் உறுப்பு நாடு. விண்ணப்பித்தவர் முன்னுரிமை நாளிலிருந்து, அதாவது அந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலாக விண்ணப்பித்த நாளிலிருந்து, 30 மாதத்துக்குள் இங்கேயும் நுழையலாம். இன்று இலங்கையில் இல்லாதது அடுத்த ஆண்டு இருக்கலாம்.

இலங்கை ஆவணங்களை எங்கே பார்ப்பது?

கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். உலகத் தளங்களில் இலங்கை ஆவணங்களின் முழு உரையை எதிர்பார்க்கமுடியாது. அங்கே தேடி ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து இலங்கையில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். பேருந்து ஏறுமுன் தொலைபேசியில் பேசி, என்ன பார்க்க வருகிறீர்கள், என்ன கட்டணம், எந்த நாள் வரலாம் என்று கேட்டுவிடுங்கள். வகைக் குறியீட்டையும் விண்ணப்பதாரர் பெயரையும் எழுதிக்கொண்டு போனால் வேலை சீக்கிரம் முடியும்.

சித்த மருந்துக்கு எப்படித் தேடுவது?

தாவரப் பெயரிலிருந்து. மஞ்சள் என்றால் குர்குமா லோங்கா. பழைய ஆவணங்களில் குர்குமா டொமெஸ்டிகா என்றும் இருக்கும். வேம்பு அசாடிராக்டா இண்டிகா. பழைய பெயர் மெலியா அசாடிராக்டா. இரண்டு பெயரையும், ஆங்கிலப் பெயரையும் சேர்த்துத் தேடவேண்டும். தாவர மருந்துகளின் குறியீடு ஏ61கே 36. மஞ்சளுக்கு ஏ61கே 36/9066. 2006க்கு முன் அச்சான முதற்பக்கங்களில் இது ஏ61கே 35/78 என்றுதான் இருக்கும், பார்த்துக் குழம்பவேண்டாம்.

இந்தத் தேடல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மஞ்சளே சாட்சி. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995இல் 5,401,504 என்ற இலக்கத்தில் ஆக்கவுரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாக வைத்து எதிர்த்ததால் 1997இல் அது நீக்கப்பட்டது. வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த ஒன்று 2000இல் நீக்கப்பட்டு, மேன்முறையீட்டிலும் 2005இல் அந்த முடிவு நிலைத்தது. நம் வீட்டு அம்மிக்கல்லில் அரைத்ததை நம்மால் தடுக்க முடியாமல் போனதற்கு ஒரே காரணம், அது பரிசோதகரின் கைக்கெட்டும் இடத்தில் எழுத்தில் இல்லாமல் இருந்ததே. இந்தியா பிறகு பாரம்பரிய அறிவு மின்னூலகத்தை உருவாக்கி, சித்த நூல்களில் உள்ள மருந்துகளையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் ஆக்கவுரிமை அலுவலகங்களுக்குக் கொடுத்தது.

ஆகவே சித்த மருந்தில் ஆக்கவுரிமைத் தளங்களோடு நிற்காமல் அச்சு நூல்களையும் பார்க்கவேண்டும். ஒரு பழைய பதிப்பில் செய்முறை இருந்தால், பதிப்பாண்டு தெரியும் பக்கத்தோடு சேர்த்துப் போட்டோக்கொப்பி எடுத்துவையுங்கள். ஆண்டு இல்லாத பக்கம் ஆதாரமாகாது.

எல்லாம் இணையத்தில் இருக்கும்போது நூலகம் எதற்கு?

மூன்று காரணம். ஒன்று, மேலே சொன்னது: புதிதல்ல என்று காட்டுவதற்கு ஆக்கவுரிமைதான் வேண்டும் என்றில்லை. ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, பழைய சஞ்சிகை எதுவும் போதும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பயன்பாட்டு விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். மாணவர் ஆய்வேடுகளைத் தேட அது இயல்பான இடம். வெளியார் போகுமுன் நூலகரிடம் அனுமதி கேட்டுவிடுவது நல்லது. இரண்டு, கட்டணச் சஞ்சிகைகள் பல்கலைக்கழக வலையமைப்பில் திறக்கும், வீட்டில் திறக்காது. மூன்று, நூலகரே. வகைப்பாடு அவர் தொழில். ஆக்கவுரிமைக் குறியீட்டு மரத்தை முதன்முதலாகப் பார்த்தாலும் அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொள்வார்.

போகும்போது ‘பேட்டன்ட் பற்றித் தெரியவேண்டும்’ என்று கேட்காதீர்கள். ‘இந்தப் பொருள், இந்த வேலையை, இந்த விதத்தில் செய்கிறது’ என்று ஒரே வசனத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஆனால் அந்த விதம்தான் உங்கள் புதுமை என்றால், அதை மட்டும் விவரிக்காமல் மேலோட்டமாகச் சொல்லுங்கள்.

தேடியதை எப்படிக் குறித்துவைப்பது?

ஒரு அட்டவணை: நாள், தளம், அடித்த தேடல் வரி அப்படியே, எத்தனை வந்தது, எவற்றைத் திறந்தேன், எதை ஏன் விட்டேன். இதை எழுதாதவர் இரண்டு மாதம் கழித்து அதே ஆவணங்களை மறுபடி திறந்து வாசிப்பார். ஆவணத்தைச் சேமிக்கும்போது கோப்பின் பெயராக நாட்டுக் குறியீட்டோடு முழு இலக்கத்தையும் இடுங்கள். ‘டிரையர் புதியது 2’ என்று பெயர் வைத்த கோப்பு பிறகு யாருக்கும் உதவாது.

எப்போது தேடலை நிறுத்தலாம்?

புதிய தேடல் வரி போட்டாலும் ஏற்கெனவே பார்த்த ஆவணங்களே திரும்பி வந்தால், மேற்கோள்களும் பழகிய இலக்கங்களையே காட்டினால், அந்தத் திசையில் போதும். ஆனால் முழு உறுதி யாருக்கும் கிடைக்காது. விண்ணப்பங்கள் வழக்கமாக முன்னுரிமை நாளிலிருந்து 18 மாதம் கழித்தே வெளியாகின்றன. கடந்த ஒன்றரை ஆண்டில் ஒருவர் போட்ட விண்ணப்பம் எந்தத் தளத்திலும் தெரியாது. அதனால் முதல் தேடலுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வரிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அட்டவணை இருந்தால் அரை மணித்தியால வேலை.

தேடி முடித்துவிட்டேன், ஒன்றும் இல்லை. கண்காட்சியில் வைக்கலாமா?

விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் வைக்காதீர்கள். முகநூலில் படம் போடுவது, பத்திரிகைக்குச் சொல்வது, கண்காட்சி மேசையில் வைப்பது எல்லாம் வெளியீடுதான். அமெரிக்கா கண்டுபிடித்தவரின் சொந்த வெளியீட்டை ஓராண்டு வரை பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பா அப்படிப் பொறுக்காது, உங்கள் படமே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிடும். முதலில் விண்ணப்பம் போட்டு, விண்ணப்பித்த நாள் குறித்த பற்றுச்சீட்டைக் கையில் வாங்குங்கள். பெட்டியை மேசையில் வைப்பது அதற்குப் பிறகு.